ஈரச்சாக்கு

அன்பான வாசகர்களே, எல்லாரும் சௌக்கியமா? புரட்டாசி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. கரண்ட் வேறு நம்மைக் கேட்காமலே வருகிறது, போகிறது. முழங்கால் வலிக்காரர்கள் தைலம் தேய்த்துக்கொண்டீர்களா? சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை மறந்துவிட்டு என்மேல் பழி போடாதீர்கள். ஃபேன் சுற்றும்போதே படித்துவிடுங்கள்.

போன வாரம் செல்வலட்சுமியை எங்கே விட்டோம்? வெறும் சுவருக்கு முன்னால் விட்டோம். அவள் புருஷன் புகழேந்தி சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் சீசன். "பிரஸ் பக்கத்துலயே ரூம் எடுத்துட்டேன், தீவாளி வரைக்கும் வர முடியாது" என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு, போர்வையும் சவரப் பெட்டியும் எடுத்தவன், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியையும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். மகள் விருதுநகரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஏழாயிரம்பண்ணையில் அந்த இரண்டு அறை வீட்டில் செல்வலட்சுமியும் மாமியார் இருளம்மாளும்தான்.

இரண்டு பேர் இருக்கிற வீடு என்று சொன்னால் நம்ப முடியாது. அவ்வளவு அமைதி.

இருளம்மாள் பேசாமடந்தை என்று இல்லை. பேசினால் நாலு வார்த்தை. "சோறு இருக்கு." "தண்ணி வந்துச்சு." "கதவச் சாத்து." அதற்குமேல் போகாது. அவருடைய சின்ன மகள் பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனி தீயில் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கு அடங்கிய வாய் என்று புகழேந்திதான் கல்யாணமான புதிதில் சொன்னான். இருளம்மாள் சொல்லி செல்வலட்சுமி கேட்டதில்லை. நாத்தனார் அவளுக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை. செல்வலட்சுமி அவசர அவசரமாகக் கிளம்பினாள். கண்ணாடி இல்லாததால் குத்துமதிப்பாகப் பொட்டு வைத்தாள். இருளம்மாள் அடுப்படி வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

"வாரேன் அத்தை. இன்னைக்கு ஆபீசர் வாராக."

"ம்."

பஸ் ஸ்டாப்பில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. தூக்குவாளியும் சிரிப்புமாக ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போனார்கள். "டீச்சர், எங்க கூட வந்துருங்க, சாக்பீசுக்குப் பதிலாத் திரி பிடிக்கலாம்" என்று ஒருத்தி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். வேன் முழுக்கச் சிரித்தது. செல்வலட்சுமியும் சிரித்தாள். வேன் போனதும் புழுதி அடங்கியது. எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றவள் அவள் ஒருத்திதான்.

ஆவாரங்குளம் நடுநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். கூடவே, யாரும் கேட்காமல் தலையில் விழுந்தது கம்ப்யூட்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று கம்ப்யூட்டர் வந்தது. பத்து நாள் பயிற்சிக்கு யார் போவது என்று கேட்டபோது, மற்ற டீச்சர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். போய் வந்தவள் திரும்பிப் பார்த்தால், அந்த அறையே அவளுடையதாகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் தனியாகச் சாப்பிடுவாள். அணைத்து வைத்திருக்கிற திரையில் தன் முகம் மங்கலாகத் தெரியும். எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி.

சாவி மட்டும் தலைமையாசிரியர் ஜெயச்சந்திரனிடம். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், வருகிற மே மாதம் ஓய்வு. அதுவரைக்கும் ஒரு மௌஸ்கூடக் காணாமல் போகக்கூடாது என்பது அவர் விரதம்.

"நோட்டுல கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

"தெனமும் நான்தானே சார் வாங்குறேன்."

"நீங்க நல்லவுகதான். சாவிக்கு அது தெரியாதுல்ல."

அறைக்குள் தூசி போகக்கூடாது என்பதும் அவர் உத்தரவு. பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டு, வாசலில் வாளித் தண்ணீரில் கால் கழுவி, போட்டிருக்கிற சணல் சாக்கில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒன்பதரை மணிக்கெல்லாம் அந்தச் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கும்.

இன்றைக்கு வருகிற ஆபீசர் சும்மா வரவில்லை. ஒன்றியத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய பள்ளிகளில் எவை பூட்டியே வைத்திருக்கின்றன என்று பார்க்க வருகிறார். பயன்படுத்தாத பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து ஊரில் போன வாரம் வேனில் ஏற்றியாயிற்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த வாரம் கரண்ட் போகிற நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு. ஆபீசர் ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தது பத்தேகாலுக்கு.

"மன்னிக்கணும் டீச்சர், இன்னைக்கு ஏழு பள்ளிக்கூடம்" என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார் முத்துராமலிங்கம். சூலக்கரை கல்வி ஆபீசிலிருந்து வருகிறார். நல்ல ஜலதோஷம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கரண்ட் இல்லையா?"

"யூ.பி.எஸ். இருக்கு சார். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் போடலாம். பதினஞ்சு நிமிஷம் தாங்கும்."

"போதும், போதும்."

பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் வகுப்பு ஆவுடைத்தாய்தான் செய்துகாட்ட வேண்டும் என்று முந்தாநாளே முடிவு. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

"டீச்சர், எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டு மௌசைப் பிடிக்கணுமா, மௌசைப் பிடிச்சுக்கிட்டே சொல்லணுமா?"

"எந்திரிச்சுச் சொல்லு தாயி."

ஆபீசர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் அவருக்கு டீ வாங்கி வரப் போனவனைக் காணோம் என்று வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடைத்தாய் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பள்ளிக்கூடத்துப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். அடியில் தன் பெயர்.

"இத மூடிட்டுத் திரும்பத் திறந்து காட்டும்மா. அப்பத்தான் நம்புவேன்" என்றார் ஆபீசர் சிரித்தபடி.

அந்த நேரத்தில்தான் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. முதலில் விட்டுவிட்டு, கீச், கீச் என்று. அது வழக்கம்தான். மேஜைக்குக் கீழே கறுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது.

வழக்கமில்லாதது ஒன்று, செல்வலட்சுமியின் மூக்குக்கு வந்தது. ரப்பர் கருகுகிற வாடை. மெல்லியதாக.

அவளுக்குத் தெரியும். அறிவியல் டீச்சர். அணைக்க வேண்டும். ஆனால் ஆவுடைத்தாய் மூடிவிட்டாள், திறக்கத்தான் பாக்கி. இரண்டு நிமிஷம். இரண்டே நிமிஷம் தாங்கிவிட்டால் இந்த அறை பிழைத்துவிடும். செல்வலட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஆபீசர் மூக்கு கைக்குட்டைக்குள் இருந்தது.

அவள் பேசாமல் நின்றாள்.

கீச் கீச் என்றது நிற்காத ஒரே சத்தமாயிற்று. அப்போது வாசலில் ஒரு நிழல். கையில் தூக்குவாளியோடு இருளம்மாள்.

அவசரத்தில் மருமகள் விட்டுவிட்டு வந்த சோற்றை எடுத்துக்கொண்டு, வெயிலில் கரட்டுப் பாதை வழியாகவே நடந்து வந்திருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் செல்வலட்சுமி. மாமியார் இந்த வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

இருளம்மாள் மூக்கை உயர்த்தினார். மேஜைக்கடியில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். தூக்குவாளி கீழே விழுந்து உருண்டது.

"வெளிய போங்க பிள்ளைகளா. ஓடுங்க. பின்னால பாக்காதீக."

குரல் பெரிதாகக்கூட இல்லை. ஆனால் அது எந்தக் குரல் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தாயும் தகப்பனும் கம்பெனிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். செல்வலட்சுமி ஒரு வார்த்தை சொல்வதற்குள் வரிசை கலையாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், செருப்பைத் தேடாமல் ஓடினார்கள். மைதானத்தைத் தாண்டி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, வேப்பமரத்துக்கு அந்தாண்டை போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மணி அடித்து விடுகிற நாளில்கூட அந்த அறை அவ்வளவு சீக்கிரம் காலியானதில்லை.

இருளம்மாள் வாசலில் கிடந்த ஈரச்சாக்கை இரண்டு கையாலும் அள்ளினார். குனிந்து பெட்டியின்மேல் போட்டு, அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். டொப் என்று ஒரு சத்தம். கீச்சு நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது.

நாற்காலியில் ஆபீசர் கைக்குட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு யாரும் இருளம்மாளிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவே விரலை நீட்டி நீட்டி ஏதோ செய்துகொண்டிருந்தார். பிறகு வந்த வழியே நடந்துவிட்டார்.

தலைமையாசிரியர் ஓடிவந்து சாக்கைத் தூக்கினார். பெட்டியிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஈரச்சாக்கின் வாடையில் வேறு வாடை எதுவும் தெரியவில்லை.

"ஒன்னுமில்ல சார். இந்தப் பக்கம் பட்டாசு வேல பாத்தவுக இப்படித்தான். குக்கர் விசிலடிச்சாக்கூட மணல் வாளியத் தேடுவாக. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சு."

"யாரு அவங்க?"

செல்வலட்சுமி சொன்னாள். "என் மாமியார் சார்."

முத்துராமலிங்கம் பேனாவை எடுத்தார். கோபக்காரர் இல்லை. உதவி செய்யத்தான் நினைத்தார்.

"அந்தப் பொண்ணு நல்லாச் செஞ்சா டீச்சர். கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும்னு எழுதிடுறேன். அனுமதி இல்லாம வெளியாள் ஒருத்தங்க உள்ள வந்து, பயத்துல சாக்கப் போட்டுட்டாங்கன்னு ஒரு வரி. இனிமே அவங்களப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடக்கூடாதுன்னு ஒரு வரி. அம்புட்டுத்தான். பெட்டியில வேற கோளாறு ஒன்னும் இல்லையே?"

தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். செல்வலட்சுமியும் ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் இன்னும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

"கருகல் வாடை வந்துச்சு சார்."

"என்ன டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"அவுக வர்றதுக்கு முன்னாடியே வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது. ஆபீசர் இருக்காகளே, ரெண்டு நிமிஷம் போகட்டும்னு நான்தான் சொல்லல."

முத்துராமலிங்கம் பேனாவை மூடினார். மரத்தடிப் பிள்ளைகளைப் பார்த்தார். கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். அப்புறம் மறுபடி மூடியைத் திறந்து வேறு மாதிரி எழுதினார். அறையைப் பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் புது பேட்டரி மாற்றி, பாதுகாப்புக்கு நான் பொறுப்பு என்று தலைமையாசிரியர் எழுத்தில் தர வேண்டும். இல்லாவிட்டால் வேன் வரும்.

"நானா? பொறுப்பா?" என்றார் ஜெயச்சந்திரன். "எனக்கு மே மாசம் ரிட்டயர்மெண்ட் சார்."

ஆபீசரின் ஜீப் போனபின் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் செல்வலட்சுமி நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தாள். அவர் நோட்டையும் எடுக்கவில்லை, சாவியையும் வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்கோங்க. வாடை தெரிஞ்சவுக நீங்கதானே."

சாயங்காலம் எல்லாரும் போனபின் ஆவுடைத்தாய் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"திறக்கவே இல்லையே டீச்சர். எம்பேரு உள்ளதான் இருக்குமா?"

"இருக்கும்."

அவள் செருப்பை மாட்டினாள். போகவில்லை.

"எனக்கும் வாடை வந்துச்சு டீச்சர். நீங்க சும்மா நின்னீங்க. அதான் நானும் சும்மா இருந்தேன்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். குழந்தை குறையாகச் சொல்லவில்லை. செல்வலட்சுமிதான் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் கைபேசியை எடுத்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சிவகாசியில் பேட்டரி எங்கே கிடைக்கும் என்று கேட்கிற சாக்கும் இருந்தது. புகழேந்தியின் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிரஸ்ஸுக்கே அடித்தாள். மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஊர்க்காவலன் எடுத்தான். புகழேந்தியோடு ரூமில் தங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவன்.

"அண்ணனா? அவுக திங்கக்கிழமையிலேருந்து வேலைக்கு வரலையே மதினி."

"ரூம்ல இருக்காகளா?"

"எந்த ரூம்ல? ஊருக்குப் போறேன்னுதானே சொன்னாக. அங்கன வரலையா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. "மதினி? மதினி, இருக்கீகளா?"

"இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கம்பெனி வேன்கள் திரும்பிக்கொண்டிருந்தன. காலையில் சிரித்தவர்கள் தூங்கி வழிந்தார்கள். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. இருளம்மாள் தட்டு வைத்திருந்தார். ஒரு தட்டு இல்லை, இரண்டு. அவர் உள்ளங்கை சிவந்து கொப்புளித்திருந்தது. எண்ணெய் தடவியிருந்தார்.

செல்வலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். பெட்டி எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஒன் வேலைக்கு எதுவும் கெடுதலா?" என்றார் இருளம்மாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல அத்தை."

"பெட்டி போச்சா?"

"போச்சு. போனாப் போகுது."

சோறு போட்டார். தண்ணீர் ஊற்றினார். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் செல்வலட்சுமி நினைத்தாள்.

"உள்ள எத்தன பிள்ளைக?"

"இருபத்தெட்டு."

"மரத்தடியில ரெண்டு தடவ எண்ணுனேன். இருபத்தெட்டு." இருளம்மாள் சோற்றில் கை வைக்காமல் இருந்தார். "அன்னைக்கு எல்லாரும் வெளிய வந்துட்டாகன்னு சொன்னாக. நானும் நம்பிட்டேன். எம்மக வேற வாசல் வழியா வந்திருப்பான்னு நெனச்சேன். பொழுது சாய்ற வரைக்கும் வெளியவே நின்னேன். ஒருத்தரும் எண்ணல. நானும் எண்ணல."

பதினேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒன்றாக வந்து செல்வலட்சுமி கேட்டதில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான் தெரிந்தது.

"அத்தை, எனக்கு முன்னாடியே வாடை வந்துச்சு. ஆபீசருக்காகச் சொல்லாம நின்னேன்."

இருளம்மாள் நிமிர்ந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருக்கலாம்.

"அன்னைக்கும் யாருக்காவது வாடை வந்திருக்கும்" என்றார் மெதுவாக. "இந்த ஒரு தட்டு வெடி முடியட்டும், இந்த ஒரு கட்டுத் திரி முடியட்டும்னு நின்னுருப்பா. பாவம், அவளும் உள்ளதான் இருந்திருப்பா."

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சுவரில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. இருளம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். புண்படாத கையின் கட்டை விரலால் மருமகளின் நெற்றியைத் தொட்டார்.

"பொட்டு கோணலா இருக்கு. காலையிலயே பாத்தேன்." பொட்டை நேராக்கினார். "சொல்லியிருக்கலாம். சொல்லல."

செல்வலட்சுமியின் மடியில் கம்ப்யூட்டர் அறைச் சாவியும் கைபேசியும் கிடந்தன. ஊர்க்காவலன் சொன்னதை இந்தக் கிழவியிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டாம், பாவம், இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள்.

இரண்டு நாள். இரண்டு நிமிஷம்.

"அத்தை, உக்காருங்க" என்றாள். "இன்னும் ஒன்னு சொல்லணும்."

வாசகர்களே, உங்களையும் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முதல்முதலாகக் கம்ப்யூட்டரோ டிவியோ வந்தபோது அதன் சாவி யார் இடுப்பில் இருந்தது? எத்தனை பிள்ளைகள் அதைத் தொட்டார்கள்? உங்களுக்கு மட்டும் வாடை தெரிந்து, சொல்லாமல் நின்ற இரண்டு நிமிஷம் ஏதாவது இருக்கிறதா? டீச்சர்கள், பிள்ளைகள், கம்பெனிக்குப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் ஒரு தபால் அட்டையில் எனக்கு எழுதுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படிப்பேன்.